இரண்டு நடைக்கு நடுவே ஒரு வீடு

நாமக்கல்லிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். 1980-களில் சேலத்து ஜவ்வரிசியோ ஈரோட்டு மஞ்சளோ ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பிய லாரிக்கு அந்தத் தூரத்தைக் கடக்க எட்டு, பத்து நாள் பிடித்தது. சரக்கை இறக்கி, திரும்பி வர லோடு பிடித்து, ஊர் வந்து சேரும்போது ஒரு மாதம் கழிந்திருக்கும். இன்று அதே டெல்லிக்கு ஐந்தாறு நாளில் போய்விடுகிறார்கள். சாலை அகலமாகிவிட்டது, எஞ்சின் பலமாகிவிட்டது, மாநில எல்லையில் வரிசை கட்டி நிற்க வேண்டியதில்லை. கணக்குப்படி பார்த்தால், லாரி டிரைவர் தன் அப்பா காலத்து டிரைவரைவிட அதிக நாள் வீட்டில் இருக்க வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த டிரைவர் வீட்டு வாசலில் நின்று வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அப்படி இல்லை. சாலை மிச்சப்படுத்திக் கொடுத்த நாட்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அவை எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கு இன்று ஆள் கிடைக்காததன் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஊர்கள் லாரிக்கு வந்ததற்கு மண்ணும் மழையும் காரணம். 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமாகப் பிரியும்வரை சேலத்தோடு இருந்த நாமக்கல்லில், காவிரிக் கரையோரத்தை விட்டால் பெரும்பாலும் மேட்டுக்காடுதான். மழை பொய்த்த ஆண்டில் சோளமும் நிலக்கடலையும் கைவிட்டுவிடும். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு லாரி இரண்டாவது வெள்ளாமை ஆயிற்று. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்கு அந்த ஊர் தலைமையிடம் ஆனது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர் வாங்கியது. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர் ஆனது. காசி முதல் கன்னியாகுமரி வரை போன பழைய தேசிய நெடுஞ்சாலை 7, இன்றைய 44, நாமக்கல் வழியாகவே போகிறது. வீட்டு வாசலில் இந்தியாவின் நீளமான சாலை. அதில் ஏறிப் போனவர் எப்போது இறங்குவார் என்பதுதான் வீட்டுக்குத் தெரியாது.

தேசிய பெர்மிட் திட்டம் 1975-ல் வந்தது. சொந்த மாநிலத்தோடு தேர்ந்தெடுத்த சில மாநிலங்களுக்கு மட்டும் வரி கட்டி ஓட்டலாம். நாடு முழுவதற்கும் ஒரே ஆண்டுக் கட்டணம் என்ற ஏற்பாடு 2010-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டிரைவரின் வாழ்க்கையை செக்போஸ்ட்கள்தான் தீர்மானித்தன. கோயம்புத்தூர் தாண்டி வாளையாரில் கேரளத்துக்குள் நுழைய லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றதை அந்தப் பக்கம் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். மகாராஷ்டிரத்தில் ஊருக்கு ஊர் ஆக்ட்ராய் வரி நாக்கா. பில்லைப் பார்ப்பது, சரக்கைப் பார்ப்பது, மாமூல் வாங்குவது என்று நேரம் கரையும். டிரைவர் ஓட்டிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம் என்று சொன்னால் அது மிகை இல்லை.

ஆனால் அந்த நிற்றலில் துணைக்கு ஆள் இருந்தது. கேபினில் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். டிரைவர், கிளீனர், நீண்ட நடை என்றால் இன்னொரு டிரைவர். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, புளி, வீட்டில் இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள். கிளீனர் சோறு வடிப்பார், டிரைவர் ரசம் தாளிப்பார். ரொட்டியே கிடைக்கும் ஊர்களில் நம்மாட்கள் இப்படித்தான் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பின்னால் இன்னொரு பெர்மிட் வண்டியில் வந்த பக்கத்து ஊர்க்காரரும் சாப்பிட உட்காருவார். வீட்டை விட்டு வந்தாலும் ஊரை விட்டு வராத ஒரு வாழ்க்கை அது.

வீட்டுப் பக்கம் நிலைமை வேறு. வண்டி ஏறியவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரே இடம் புக்கிங் ஆபீஸ்தான். டிரங்க் கால் வந்தால் அங்கேதான் வரும். எங்கள் தெருவில் இருந்த லாரிக்கார வீட்டு அக்காக்கள் சந்தைக்குப் போகும் வழியில் ஆபீஸ் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். "வண்டி நாக்பூர் தாண்டிருச்சாமுங்க" என்ற ஒரு வரி கிடைத்தால் அன்றைய தினத்துக்கு அது போதும். 1980-களின் கடைசியில் எஸ்.டி.டி. பூத்கள் வந்த பிறகு இரவு கட்டணம் குறையும் நேரத்துக்குக் காத்திருந்து பேசினார்கள். குழந்தை பிறந்த செய்தி அப்பாவுக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆன வீடுகள் உண்டு. மாடு, காடு, பள்ளிக்கூடம், சீட்டு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் தனியாகச் சுமந்தார்கள். டிரைவர் சம்பாத்தியம் என்று நாம் சொல்வதில் பாதி அவர்களுடைய உழைப்பு.

இவ்வளவு இழந்தும் அந்தத் தலைமுறை ஏன் போனது? காசு ஒரு காரணம். வாடகையில் ஒரு பங்கோ, நடைக்கு இவ்வளவு படியோ, எப்படிக் கொடுத்தாலும் அன்றைய காட்டு வேலைக் கூலியோடு ஒப்பிட்டால் லாரிக் காசு பெரிய காசு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. கிளீனராக ஏறியவர் டிரைவர் ஆகலாம். டிரைவர் ஆனவர் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டி, நகையை அடகு வைத்து, ஃபைனான்ஸ் வாங்கி, கூட்டாளியோடு சேர்ந்தாவது சொந்த வண்டி எடுக்கலாம். நாமக்கல், சங்ககிரி உரிமையாளர்களில் ஏராளமானோர் அப்படி ஸ்டீயரிங் பிடித்து வந்தவர்களே. முதலாளியும் ஒரு காலத்தில் அதே சாலையில் தூங்கியவர். ஆகவே வீட்டை விட்டிருந்த நாட்களுக்கு ஒரு முடிவு தெரிந்தது. இத்தனை வருடம் பொறுத்தால் வண்டி நம்முடையது, அப்புறம் வேறொருவரை அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருக்கலாம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து போட்ட கணக்கு அது. சம்பளத்தையும் வீட்டையும் அவர்கள் தராசில் வைத்தபோது, வீட்டுத் தட்டில் வருங்காலமும் இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மனம் வராது. மாதக்கணக்கில் வீட்டை விட்டிருந்ததற்கு இந்த ஊர்கள் கொடுத்த விலை மிகக் கொடியது. 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தொற்று அதிகமுள்ள மாவட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாமக்கல் பெயர் வந்தது. டிரைவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்தார்கள். ஒரு மனிதனை வாரக்கணக்கில் வீடு, தூக்கம், பேச்சுத்துணை எதுவும் இல்லாமல் நெடுஞ்சாலையில் வைத்திருந்த தொழில் முறையை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஒன்றும் அறியாத மனைவிகள் மருந்துக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். இளம் வயதில் விதவையானவர்களும் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த குழந்தைகளும் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். வீட்டு நாள் என்பதை வெறும் பாச விஷயமாகப் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது உயிர் விஷயம்.

பிறகு சாலை மாறியது. தங்க நாற்கரச் சாலைக்கு 1999-ல் அடிக்கல் நாட்டினார்கள். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர். வடக்கு–தெற்குச் சாலையும் நான்கு வழியானது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில வரிச் செக்போஸ்ட்கள் எடுக்கப்பட்டன. வாளையார் வரிசை பழங்கதை ஆயிற்று. 2018 ஏப்ரலில், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில். 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருந்தே ஆக வேண்டும். மே மாதத்து நாக்பூர் வெயிலில் எஞ்சின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும். வரவேற்கிறேன், முப்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

செல்போனும் வந்தது. காலையில் குளித்துவிட்டு வண்டியில் ஏறும்போது வீடியோ காலில் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவைக்கிறார் அப்பா. "சாமி, டிபன் தின்னியா?" என்று ஒடிசாவில் இருந்துகொண்டு கேட்க முடிகிறது. படிக்காசு வந்த நிமிடத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. புக்கிங் ஆபீஸ் வாசலில் நின்ற அக்காக்களின் பெண்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை. இது சிறிய மாற்றம் அல்ல. ஆனால் அதே செல்போனும் ஜி.பி.எஸ்.ஸும் வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்கும் புரோக்கருக்கும் சரக்குக்காரருக்கும் காட்டுகின்றன. ஒரு மணி நேரம் சாலையோரம் படுத்தால் போன் அடிக்கிறது. முன்பு டிரைவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குள் அவருக்கு ஒரு தூக்கம் இருந்தது.

இ-வே பில் கணக்கைப் பாருங்கள். அது செல்லுபடியாகும் காலம் முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்ததை 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆக்கினார்கள். அதன்படி நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு 12 நாள் கிடைக்கும். அரசே கொடுக்கும் அந்த 12 நாளில் பாதியைத்தான் சரக்குக்காரர் கொடுக்கிறார். சாலை வேகமானதும் கெடுவும் சுருங்கிவிட்டது. மிச்சமான நாட்களில் முதல் பங்கு இங்கே போயிற்று.

இரண்டாவது பங்கு வங்கித் தவணைக்குப் போயிற்று. பதினான்கு, பதினாறு சக்கர வண்டி ஒன்றை பாடி கட்டி ரோட்டில் விடுவதற்கு அரைக் கோடி ரூபாயை நெருங்குகிறது. டீசல், டயர், இன்சூரன்ஸ், சுங்கக் கட்டணம் எல்லாம் ஏறிய அளவுக்கு வாடகை ஏறவில்லை என்பது எல்லா லாரி வேலைநிறுத்தத்திலும் கேட்கும் குரல். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளியும் தவணைத் தேதி பயத்திலேயே இருக்கிறார். ஆகவே வண்டி வந்த அன்றே அடுத்த லோடு ஏறியாக வேண்டும். டிரைவர் வீட்டுக்குப் போகிறார் என்றால் வண்டி நிற்கிறது. வண்டி நின்றால் தவணை நிற்காது. முதலாளியை மட்டும் கொடுமைக்காரராகக் காட்டுவது இதனால் நியாயமில்லை. அவரும் ஒருவகையில் சரக்குக்காரருக்கும் வங்கிக்கும் நடுவே மாட்டியிருப்பவர்.

மூன்றாவது பங்கு கேபினிலிருந்தே போயிற்று. தேசிய பெர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லின. நடைமுறையில் இரண்டாவது டிரைவர் இருந்த இடத்தில் பெரும்பாலும் கிளீனர்தான் இருந்தார். இருந்தாலும் இரண்டு உயிர் இருந்தது. கிளீனர்கள் மெல்ல மறைந்தார்கள். பையன்கள் பள்ளிக்கூடம் போனார்கள், அது நல்லதுதான். 2018-ல் அந்த விதியும் திருத்தப்பட்டு ஒரே டிரைவர் போதும் என்றானது. இன்று ஒரே ஆள் ஓட்டுகிறார், கயிறு போடுகிறார், தார்ப்பாய் கட்டுகிறார், பில் பார்க்கிறார், சமைக்கிறார், டீசல் திருடு போகாமல் அரைத்தூக்கத்தில் காவலும் இருக்கிறார். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வரலாம். அந்த வாய்ப்பையும் இரண்டாவது ஆளின் சம்பளத்தோடு சேர்த்து மிச்சம் பிடித்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எதிர்த்த எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளில் ஒன்று, மாற்று ஓட்டுநர் இல்லாவிட்டால் அபராதம் என்பது. உரிமையாளருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது உண்மை. எரிவாயு ஏற்றிய வண்டியை இரவில் ஒற்றை ஆள் ஓட்டக் கூடாது என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருக்கும்போது வாடகையைத்தான் மாற்ற வேண்டும்.

இனி டிரைவரின் தராசுக்கு வருவோம். சம்பளம் முக்கியமா, வீட்டில் இருக்கும் நாள் முக்கியமா என்று ஒருவரிடம் கேட்டால் அவர் என்ன சொல்ல முடியும் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொள்பவை. ஒரு நடைக்கு 12 நாள். அதில் 8 நாள் வண்டி ஓடுகிறது, 4 நாள் ஏற்றவும் இறக்கவும் ரிட்டர்ன் லோடுக்கும் நிற்கிறது. நடை முடிந்தால் டிரைவர் கையில் 12,000 ரூபாய். 30 நாளும் வண்டியிலேயே இருந்தால் இரண்டரை நடை, 30,000 ரூபாய். மாதம் 6 நாள் வீட்டில் இருந்தால் இரண்டு நடை, 24,000. அதாவது வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவர் 1,000 ரூபாய் கொடுக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் மருந்துச் செலவோடு அந்த 2,000-மும் போயிற்று. எந்தத் தகப்பனுக்கும் இது கட்டுப்படியாகாத பேரம்.

இதே கணக்கை இன்னொரு பக்கம் திருப்புங்கள். நிற்கும் 4 நாளை 2 நாளாகக் குறைத்தால் நடைக்கு 10 நாள். இரண்டு நடையை 20 நாளில் முடித்துவிட்டு, அதே 24,000 ரூபாயோடு 10 நாள் வீட்டில் இருக்கலாம். நிற்கும் நாளே இல்லை என்றால், 6 நாள் வீட்டில் இருந்துவிட்டு மீதி 24 நாளில் மூன்று நடை, 36,000. சம்பளமும் கூடுகிறது, வீட்டில் இருக்கும் நாளும் குறையவில்லை. ஆக, வீடா சம்பளமா என்று டிரைவரின் மனசாட்சிக்கு முன்னால் நாம் வைக்கும் கேள்வியே பிழையானது. அவருடைய வீட்டைத் தின்பது சாலையின் நீளம் இல்லை, குடோன் வாசலில் நிற்கும் நிற்றல். செக்போஸ்டில் நின்ற லாரியை அரசு நகர்த்திவிட்டது. தொழிற்சாலை வாசலில், மார்க்கெட்டில், துறைமுகத்தில், கிடங்கில் நிற்கும் லாரியை நகர்த்த யாருக்கும் அவசரம் இல்லை. ஏனென்றால் அந்த நேரத்துக்கு அவர்கள் காசு கொடுப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் பொருளை யாரும் சிக்கனமாகச் செலவழிக்க மாட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டர் விழுந்தடித்து ஓடிவந்த டிரைவர், கெடுவுக்கு முன்பே வந்து, 'இன்னைக்கு ஆள் இல்லை, நாளைக்கு வா' என்று கேட்டுத் திரும்புவது இந்தியாவின் எந்தக் கிடங்கிலும் நடக்கும் காட்சி. ஹால்டிங் என்று வாடகை பில்லில் சில நேரம் ஒரு தொகை ஏறும். அதை வாங்குவதற்குப் பல மாதம் நடக்க வேண்டும். வந்தாலும் காத்துக்கிடந்தவர் கையில் அதில் எவ்வளவு விழும் என்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று எழுதியது. தொலைதூர வழிகளுக்கு 10 மணி, 54 மணி வரை நீட்டிக்கலாம் என்றது. நகரப் பேருந்து டிப்போவில் இந்தச் சட்டத்துக்கு ஒரு உருவம் இருந்தது. லாரி கேபினுக்குள் அது ஏறவே இல்லை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இதையும் சேர்த்துவிட்டார்கள். எந்தத் தொகுப்பில் இருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று நாக்பூர் பைபாஸில் நிறுத்திவிட்டுப் படுத்தால் அது ஓய்வு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் கொண்டுவந்த விதியில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. டிரைவர் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது வீடு திரும்பும்படி வேலையைத் திட்டமிடுவது கம்பெனியின் பொறுப்பு. 45 மணி நேர முழு வார ஓய்வை வண்டிக் கேபினில் கழிக்கக் கூடாது. வீட்டுக்குப் போவதை முதலாளி தரும் சலுகையாக விடாமல் வேலையின் ஒரு பகுதியாக எழுதிவிட்டார்கள்.

இங்கேயும் ஒரு முயற்சி நடந்தது. 2014-ல் குருகிராமில் தொடங்கிய ரிவிகோ நிறுவனம், தொடர் ஓட்டமாக லாரியை ஓட்டியது. ஒரு டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி அடுத்த நிலையத்தில் வண்டியைக் கைமாற்றுவார். எதிர்த்திசையில் வரும் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றே வீடு திரும்புவார். சரக்கு நிற்காமல் போகும், டிரைவர் தன் வீட்டில் தூங்குவார். நாடெங்கும் பேசப்பட்ட அந்தத் திட்டம், நினைத்த அளவுக்குப் பணம் ஈட்ட முடியாமல், 2022-ல் அதன் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழிலை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியதோடு அடங்கியது. வழி நெடுக நிலையங்களும் இரு திசையிலும் ஒரே அளவு சரக்கும் வேண்டும் என்பதால் அது பெரிய கம்பெனிக்கே கடினம். ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் நாமக்கல் முதலாளியால் தனியாக அதைச் செய்ய முடியாது. ஆனால் சங்கங்கள் பலமாக இருக்கும் ஊர் இது. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இரண்டு உரிமையாளர்கள் டிரைவரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை சங்கத்தின் வழியாக யோசித்துப் பார்க்கவாவது செய்யலாம்.

இளைஞர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. குட்டி யானை என்று ஊரே அதற்குப் பெயர் வைத்தது. ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர் இரவு வீட்டுக்கு வரலாம் என்று அந்தச் சின்ன வண்டி காட்டிக்கொடுத்தது. கால் டாக்ஸி, பள்ளி வேன், ஜே.சி.பி., ஆன்லைன் டெலிவரி என்று வழிகள் பெருகின. காசு குறைந்தாலும் பரவாயில்லை, சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். 2020 மார்ச் ஊரடங்கில் சோறு தண்ணீர் இல்லாமல் முகம் தெரியாத ஊர்களில் மாட்டிக்கொண்டவர்களில் பலர் திரும்பத் தொலைதூரம் போகும் லைன் வண்டி ஏறவில்லை. 2024 ஜனவரியில், உயிர்ப்பலி விபத்தை ஏற்படுத்திவிட்டுப் போலீசுக்குத் தெரிவிக்காமல் தப்பிப் போனால் பத்தாண்டுச் சிறை வரை என்ற புதிய தண்டனைச் சட்டப் பிரிவை எதிர்த்து நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவு ஒத்திவைக்கப்பட்டது, பயம் ஒத்திவைக்கப்படவில்லை. 2020-ல் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவர்களிடம் நடத்திய ஆய்வில், தங்கள் சொந்தபந்தங்களுக்கு இந்தத் தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் 84 சதவீதம். வண்டி விலை அரைக் கோடியைத் தொட்டு, சொந்த வண்டி என்ற ஏணி உடைந்த பிறகு அவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

கொங்குப் பக்கம் பெண் பார்க்கப் போகும்போது இன்று நேராகவே கேட்கிறார்கள்: "பையன் லைன் வண்டிங்களா, லோக்கலுங்களா?" லைன் என்றால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்களில் பலர் லாரிக்காரர் மனைவியாகவோ மகளாகவோ இருந்தவர்கள். புக்கிங் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள். அவர்களைப் பார்த்துக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. டிரைவர் இல்லாமல் லாரிகள் ஷெட்டில் நிற்கின்றன என்று உரிமையாளர்கள் கவலைப்படுகிறார்கள். அந்த இருக்கைகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பையனுக்கு வேண்டாம் என்று நாம் ஒதுக்கிய வாழ்க்கையை, வீடு வெகுதூரம் தள்ளி இருக்கும் இன்னொரு வீட்டுப் பையன் எடுத்துக்கொள்கிறான். அவனுக்கு வண்டி நாமக்கல் வந்து சேர்ந்தாலும் வீடு வந்து சேராது. ஊர் மாறியதே தவிர, அந்தத் தவிப்பு குறையவில்லை. அது பீகாரின் சாசாராம் பக்கம் ஒரு வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது.

ஏ.சி. கேபின் வந்துவிட்டது, இனி ஆட்கள் வருவார்கள் என்று நம்புகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. படிக்காசை நூறு இருநூறு ஏற்றினால் போதும் என்பவர்களோடும் முடியவில்லை. ஓடினால் மட்டும் கூலி என்ற முறை இருக்கும்வரை, ஏற்றிக் கொடுத்த காசு டிரைவரை இன்னும் ஒரு நாள் சாலையில் நிறுத்தி வைக்குமே தவிர வீட்டுக்கு அனுப்பாது.

சரக்கு அனுப்பும் கம்பெனிக்காரர்களிடமும் வாங்கும் வியாபாரிகளிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: வண்டி வந்த முதல் நாளுக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஹால்டிங் கொடுங்கள், அதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். லாரி முதலாளிகளே, அந்தப் பணத்தில் டிரைவரின் பங்கை அன்றே அவர் கையில் கொடுங்கள். நடைக்காசோடு ஒரு மாதச் சம்பளத்தையும் நிலையாக வைத்து, மாதம் நான்கு நாளாவது கூலி பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த நான்கு நாளை உங்கள் சங்கங்கள் அடுத்த வாடகைப் பேச்சுவார்த்தையில் டீசலுக்கும் டயருக்கும் பக்கத்தில் செலவுக் கணக்காக வைத்துக் கேட்க வேண்டும்.